கிழக்கு லண்டனில் வேனுக்குப் பதில் எலக்ட்ரிக் கார்கோ பைக்: வேலைக்கும் சமையல் சரக்குக்கும் ஒரே வண்டி போதுமா?

ஈஸ்ட்ஹாம்_அடுப்பு:

வணக்கம். ஈஸ்ட்ஹாமில் ஹை ஸ்ட்ரீட் நார்த்தை ஒட்டிய ஒரு தெருவில் இருக்கிறோம். திங்கள் முதல் வியாழன் வரை எனக்குக் கனேரி வார்ஃபில் வேலை. வாரக் கடைசியில் நானும் மனைவியும் வீட்டிலேயே சமைத்து ஆர்டர் கொடுக்கிறோம், கவுன்சிலில் முறையாகப் பதிவு செய்த தொழில்தான். சீமந்தம், பிறந்தநாள், கோயில் அன்னதானத்துக்கு ஒரு பங்கு என்று இருபது பேரிலிருந்து நாற்பது பேர் வரைக்கும் வரும். பெரும்பாலும் மேனர் பார்க், இல்ஃபோர்டு, பார்க்கிங் (Barking), ஸ்ட்ராட்ஃபோர்டுக்குள் முடிந்துவிடும்.

இத்தனை நாளும் ஒரு பழைய டீசல் வேன்தான். யூரோ 6 என்ற புகைத் தரம் இல்லாததால் வெளியே எடுத்தாலே யூலெஸ் (புகை அதிகம் விடும் வண்டிக்கு லண்டனில் வாங்கும் நாள் கட்டணம்) 12.50 பவுண்ட். லேட்டனில் இருக்கும் நியூ ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் சந்தைக்கு ராத்திரி பதினொன்றரைக்குக் கிளம்பி ஒரு மணிக்குத் திரும்பினால் நள்ளிரவைத் தாண்டிவிட்டதால் இரண்டு நாள் கட்டணம். இன்ஷூரன்ஸ், எம்ஓடி என்ற வருடாந்திர வண்டிப் பரிசோதனை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் சமையலில் கிடைப்பதில் பாதி வேனுக்கே போகிறது.

அதனால் ஒரு எலக்ட்ரிக் கார்கோ பைக் வாங்கலாம் என்று யோசிக்கிறோம். வார நாளில் அதிலேயே வேலைக்குப் போவேன், வாரக் கடைசியில் சரக்கு. கனமான நாள் என்றால் சந்தைக்குப் போகும் நாள்தான்: வெங்காய மூட்டை 20 கிலோ, அரிசி 20 கிலோ, எண்ணெய் டின், காய்கறி, எல்லாம் சேர்ந்து எழுபது கிலோ பக்கம் வரும். சமைத்த சாப்பாடு பாத்திரத்தோடு நாற்பதுக்கு மேல் போகாது.

முன்னால் பெட்டி வைத்த அர்பன் ஆரோ மாதிரியான வண்டியா, பின்பக்கம் நீண்ட டெர்ன் ஜிஎஸ்டி (Tern GSD) மாதிரியானதா என்பதில் குழப்பம். எது வாங்கினாலும் 5,000 பவுண்டைத் தொடுகிறது. என் நண்பர் ஒருவர், உன்னிடம் இருக்கும் சைக்கிளிலேயே 400 பவுண்டுக்கு மோட்டார் கிட் மாட்டிக்கொள் என்கிறார். ஓட்டிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

ரூட்டிங்_கடைக்காரன்:

தம்பி, நான் அப்பர் ரூட்டிங் றோட்டில் சிறிய கடை வைத்திருக்கிறேன். முன்னால் பெட்டி உள்ள இரண்டு சக்கர வண்டிதான் ஓடுகிறேன், வீடுகளுக்கு மரக்கறியும் அரிசியும் கொண்டுபோய்க் கொடுக்க. மோட்டர், பற்றரி பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். அதற்கெல்லாம் முன்னம் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: வண்டியை ராத்திரி எங்கே விடப்போகிறீர்கள்?

இதை ஒருவரும் கடைசிவரை யோசிப்பதில்லை. முன்பெட்டி வண்டி இரண்டரை மீட்டரைத் தாண்டும், அகலம் எழுபது சென்டிமீட்டர் அளவில் இருக்கும், வெறும் வண்டியே ஐம்பது கிலோ. ஈஸ்ட்ஹாம் வரிசை வீட்டு வாசலுக்குள் அதைக் கொண்டுபோய் நடையில் நிறுத்த முடியாது. நிறுத்தினாலும் வீட்டில் இருப்பவர்கள் அவசரத்துக்கு வெளியே ஓட வழி இருக்காது. தெருவில் கவுன்சில் வைத்திருக்கிற வட்டக் கூரைக் கூண்டுகள் சாதாரண சைக்கிளுக்கு அளவெடுத்துச் செய்தவை. சில பரோக்களில் (லண்டனின் உள்ளாட்சிப் பகுதிகள்) கார்கோ பைக்குக்கென்றே கூண்டு வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள், உங்கள் கவுன்சிலிடம் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். வீட்டு முன்முற்றத்தில் கொட்டகை போடலாம் என்று நினைத்தால், இங்கிலாந்தில் வீட்டின் முன்முகத்துக்கு முன்னால் போடும் கொட்டகைக்குக் கவுன்சிலின் திட்ட அனுமதி வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். பின்பக்கத் தோட்டத்துக்குச் சந்து வழி இருந்தால் அதன் மிகக் குறுகிய இடத்தை அளந்து பாருங்கள். கேட்டை அளந்தால் போதாது, சந்து திரும்பும் மூலையை அளக்க வேண்டும். நீண்ட வண்டி நேராகப் போகும், மூலையில்தான் சிக்கும்.

அடுத்தது களவு. ஐயாயிரம் பவுண்ட் பொருளைத் தெருவில் விடுகிறோம். பற்றரியில் ஓடும் கிரைண்டரால் சாதாரண டி பூட்டு ஒரு நிமிடத்துக்குள் அறுந்துவிடும். கிரைண்டரையே தேய்த்துவிடுகிற பூட்டுகள் இப்போது வருகின்றன, ஹிப்லொக் டி1000, லைட்லொக் எக்ஸ் வரிசை மாதிரி, விலை கூடத்தான், ஆனாலும் அதில் பணத்தைப் பார்க்காதீர்கள். கொங்கிறீட்டில் பதித்த வளையத்தோடு சேர்த்துப் பூட்டுங்கள். டெலிவரிக்குப் போகிற இடத்தில் மேல்மாடிக்கு ஏறி இறங்குகிற ஐந்து நிமிடத்துக்கும் பூட்டத்தான் வேண்டும். அதனால் பின்சக்கரத்தில் நிரந்தரமாக இருக்கிற வளையப் பூட்டும், அதில் செருகுகிற சங்கிலியும் இருந்தால் கை தானாகவே பூட்டிவிடும்.

இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் மிச்சம் எல்லாம் சுகம். உண்மையில் இந்த வண்டி என் கடையை மாற்றிவிட்டது என்றே சொல்வேன். வேனில் போன காலத்தில் வண்டி நிறுத்த இடம் தேடுவதுதான் வேலையின் பாதி. இப்போது வாடிக்கையாளரின் வாசலிலேயே நிற்கிறேன், கார் போக முடியாமல் தடுப்பு வைத்த தெருக்களுக்குள்ளால் நேரே போகிறேன், பஸ் லேனிலும் போகிறேன்.

சங்கிலியும்_பல்லும்:

வால்தம்ஸ்டோவில் சைக்கிள் பட்டறையில் வேலை பார்க்கிறேன், கார்கோ பைக்குகள் நிறைய வருகின்றன. முதலில் அந்த 400 பவுண்ட் கிட் விஷயத்தை முடித்துவிடலாம். வேண்டாம். சாதாரண சைக்கிளின் ஃபிரேம், ஃபோர்க், ஸ்போக், பிரேக் எதுவுமே எழுபது கிலோ சரக்குக்காகச் செய்ததல்ல. மோட்டார் இழுத்துவிடும், ஆனால் நிறுத்த வேண்டியது பிரேக். அதைவிடப் பெரிய கவலை பேட்டரி. ஆன்லைனில் வாங்கும் மலிவான பேட்டரியையும் அதற்குப் பொருந்தாத சார்ஜரையும் சேர்த்து வீட்டுக்குள் சார்ஜ் செய்ததால் நடந்த தீ விபத்துகளை லண்டன் தீயணைப்புப் படை திரும்பத் திரும்பச் சொல்லி எச்சரிக்கிறது, சார்ஜ்சேஃப் என்று தனி இயக்கமே நடத்துகிறார்கள். எந்த வண்டி வாங்கினாலும் அந்த வண்டிக்கென்று கொடுத்த சார்ஜரைத்தான் பயன்படுத்த வேண்டும், வெளியே போகும் வழியில் வைத்துச் சார்ஜ் செய்யக் கூடாது, தூங்கும்போது போட்டுவிட்டுப் போகக் கூடாது. நீங்கள் வீட்டில் சமைக்கிறவர்கள், அடுப்பு எரியும் அறையில் பேட்டரியே இருக்க வேண்டாம்.

இனி சட்டம். பெடல் இருக்க வேண்டும், மோட்டாரின் தொடர் திறன் 250 வாட்டைத் தாண்டக் கூடாது, மணிக்கு 15.5 மைலில் மோட்டார் உதவி நின்றுவிட வேண்டும், ஓட்டுகிறவருக்கு 14 வயது ஆகியிருக்க வேண்டும். இவ்வளவுக்குள் இருந்தால் லைசென்ஸ், பதிவு, வரி, கட்டாய இன்ஷூரன்ஸ் எதுவும் இல்லை. தாண்டினால் அது சட்டப்படி மோட்டார் வாகனம், போலீஸ் பறிமுதல் செய்யலாம். இந்த 250-ஐ 500 ஆக்கலாமா என்று 2024-இல் அரசு கருத்துக் கேட்டது, பிறகு 2025 ஜனவரியில் அப்படியே விட்டுவிடுவதாக முடிவு செய்தது. ஆகவே கடையில் யாராவது 750 வாட் வண்டியைக் காட்டி "யாரும் கேட்க மாட்டார்கள்" என்றால் அங்கிருந்து வந்துவிடுங்கள். தொழிலுக்கு ஓட்டும் வண்டி அது.

250 வாட் போதுமா என்று எல்லோரும் கேட்பார்கள். அந்த எண் மோட்டார் சூடாகாமல் மணிக்கணக்கில் தரக்கூடிய திறன். ஏற்றத்தில் கொஞ்ச நேரத்துக்கு அதைவிட நன்றாகவே அதிகம் தரும். நீங்கள் பார்க்க வேண்டியது முறுக்கு விசை, அதாவது நியூட்டன் மீட்டர். போஷ் நிறுவனத்தின் கார்கோ லைன் மோட்டார் 85 நியூட்டன் மீட்டர், உங்கள் காலின் உழைப்புக்கு மேல் நான்கு மடங்கு வரை சேர்க்கும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள்: வண்டி, ஆள், சரக்கு எல்லாம் சேர்த்து 200 கிலோ. நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் ஏற்றத்தில் மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் போக சுமார் 390 வாட் வேண்டும். நீங்கள் நூறு கொடுத்தால் மிச்சத்தை மோட்டார் கொடுத்துவிடும். உங்கள் நியூஹாம் பரோவில் அப்படி ஒரு ஏற்றத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதே கஷ்டம், பாலங்கள்தான் உண்டு. அதே வண்டியை ஹைகேட்டுக்கோ கிரிஸ்டல் பேலஸுக்கோ தினமும் கொண்டுபோகிறவர் என்றால் நான் வேறு மாதிரி பேசுவேன். சக்கரத்தின் நடுவில் மோட்டார் இருக்கும் மலிவு வண்டிகள் சமதரையில் நன்றாகவே ஓடுகின்றன, மெதுவாக, கனத்தோடு, ஏற்றத்தில் போகும்போதுதான் அவை சூடாகித் திணறும். பெடல் அச்சில் மோட்டார் இருந்தால் அது கியர் வழியாக இழுப்பதால் அந்தத் தொல்லை இல்லை, பதிலுக்கு செயின் சீக்கிரம் தேயும்.

கியரைப் பொறுத்தவரை, சரக்கு வண்டிக்கு பின்சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பிலேயே கியர் இருப்பது நல்லது. சிக்னலில் பெரிய கியரோடு நின்றுவிட்டால், நின்றபடியே குறைத்துக்கொள்ளலாம். என்வியோலோ நிறுவனத்தின் ஹப் கியரும், செயினுக்குப் பதில் பெல்ட்டும் சேர்ந்த வண்டிகள் எண்ணெய், கிரீஸ் இல்லாமல் வருடக்கணக்கில் ஓடுகின்றன, சாப்பாடு கொண்டுபோகிறவருக்குக் கை சுத்தமாக இருப்பதும் முக்கியம்தானே. பிரேக் ஹைட்ராலிக் டிஸ்க், முடிந்தால் நான்கு பிஸ்டன். பேட் சாதாரண சைக்கிளைவிட வேகமாகத் தேயும், அதைச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி: இப்படிக் கனம் ஏற்றி, நின்று நின்று போகும் ஊர் ஓட்டத்தில் கிலோமீட்டருக்கு 12 முதல் 15 வாட்-அவர் என்று வைத்துக்கொள்வேன். 500 வாட்-அவர் பேட்டரி அப்போது 35, 40 கிலோமீட்டர் தரும். குளிர்காலத்தில் அதிலும் குறையும். முழுச் சார்ஜுக்கு அரை யூனிட் மின்சாரம், வீட்டுக் கட்டணத்தில் பதினைந்து பென்ஸ் போல. பேட்டரி பழசானபின் புதிது வாங்கப் பல நூறு பவுண்ட் ஆகும், அந்தச் செலவுதான் கணக்கில் வர வேண்டியது.

பழைய வண்டி வாங்குவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. 2024 பிப்ரவரியில் நெதர்லாந்தின் உணவு, நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், ஃபிரேம் உடைகிறது என்று பாபோ என்ற கார்கோ பைக் நிறுவனத்தின் பல மாடல்களின் விற்பனையை நிறுத்தித் திரும்பப் பெறச் சொன்னது. அந்த மாடல்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கலாம். எந்த நிறுவனமானாலும் ஃபிரேம் எண்ணை வைத்து அது திரும்பப் பெற்ற பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். வெல்டிங் ஓரங்களில் பெயின்ட் மயிரிழை போல விரிந்திருந்தால் தொடாதீர்கள்.

பார்க்கிங்_அக்கா:

எல்லோரும் முன்பெட்டி என்றே பேசுகிறீர்கள், நான் பின்பக்கம் நீண்ட வண்டிக்காகப் பேசுகிறேன். எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பிள்ளைகள், அப்புறம் இடியாப்பம், கொழுக்கட்டை ஆர்டர். டெர்ன் ஜிஎஸ்டியின் நீளம் சாதாரண சைக்கிள் அளவுதான், சக்கரம் 20 அங்குலம், கைப்பிடியை மடிக்கலாம், பின்பக்கத்தை ஊன்றி நெட்டுக்குத்தாக நிறுத்தலாம். மேலே அண்ணா சொன்ன சந்து மூலைப் பிரச்சினையே இல்லை. திங்கள் முதல் வியாழன் வரை தம்பி காலியாகத்தானே கனேரி வார்ஃப் போகப்போகிறார்? அலுவலகத்தின் அடித்தளத்தில் இரண்டடுக்கு சைக்கிள் நிறுத்தம் இருந்தால் எந்தக் கார்கோ பைக்கும் மேலே ஏறாது, கீழே தரையில் விடுகிற இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதில் நீளம் குறைவாக இருப்பது பெரிய நன்மை.

குறையையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் உயரத்தில் கனம் ஏறும், நிற்கும்போது வண்டி சாயப் பார்க்கும். இருபது கிலோ அரிசி மூட்டைகளை இரண்டு பக்கப் பையிலும் சமமாக வைத்தால் பிரச்சினை இல்லை, மேலே ஒன்றை வைத்தால் உடனே தெரியும். பின்சக்கரத்தின் அச்சுக்குப் பின்னால் கனத்தைத் தள்ளிவிட்டால் முன்சக்கரம் லேசாகி ஹாண்டில் பிடி கிடைக்காது. சாம்பார் பாத்திரத்துக்கு முன்பெட்டிதான் நல்லது என்பதை நானே ஒப்புக்கொள்வேன், அது தரைக்குப் பக்கத்தில், கண்ணுக்கு முன்னால் இருக்கும்.

தாங்கும் எடை பற்றி ஒன்று. விளம்பரத்தில் போடும் 200 கிலோ சரக்கு எடை அல்ல, வண்டி, ஆள், பைகள் எல்லாம் சேர்ந்தது. வண்டி 34, நீங்கள் 75 என்றால் மிச்சம் தொண்ணூறு. பை, ரேக், மழை உறை போக எண்பது. உங்கள் எழுபது கிலோ உள்ளே வந்துவிடுகிறது, ஆனால் ஒட்டித்தான் வருகிறது. பின்ரேக்குக்குத் தனி அளவும் உண்டு, அதையும் பாருங்கள்.

சாப்பாடு பற்றி ஒருவரும் சொல்லவில்லை. சூடான சாப்பாடு 63 டிகிரிக்குக் குறையக் கூடாது, குளிர்ந்தது 8 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. பரிமாறும் நேரத்தில் ஒரு முறை இரண்டு மணி நேரம் வரை சலுகை உண்டு, அதை டெலிவரியிலேயே செலவழித்துவிட்டால் வீட்டுக்காரர்களுக்கு மிச்சம் இருக்காது. நான் நுரைப் பெட்டிதான் பயன்படுத்துகிறேன், உள்ளே கொதிநீரை ஊற்றிச் சூடாக்கிவிட்டு, கொட்டிவிட்டுப் பாத்திரத்தை வைப்பேன். பெட்டி வாங்கும்போது கேட்டரிங் தட்டின் அளவான 53 × 32.5 சென்டிமீட்டர் உள்ளே படுக்கிறதா என்று பாருங்கள், அதுதான் எங்கேயும் கிடைக்கும் அளவு. வண்டியின் பெட்டியோ ரேக்கோ 60 × 40 பிளாஸ்டிக் கூடையை எத்தனை ஏற்கும் என்பதைக் கடையில் கேளுங்கள், லிட்டர் கணக்கு நமக்கு உதவாது. சாம்பார், ரசத்துக்கு ரப்பர் வளையத்தோடு கிளிப் போடும் டப்பா, முக்கால் பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம்.

ஈஸ்ட்ஹாம்_அடுப்பு:

மூவருக்கும் மிக்க நன்றி. அளந்துவிட்டேன். பின்தோட்டத்துக்குச் சந்து இல்லை. முன்முற்றம் ஆழம் 1.9 மீட்டர், குறுக்கே 4 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், சுவரோடு இணையாக வைத்தால் நீளமான வண்டியும் நிற்கும், ஆனால் திறந்தவெளி. கேட் 84 சென்டிமீட்டர். வீட்டு வாசலில் ஒரு படி. அலுவலகத்தில் கீழ்த்தளத்தில் ஆறு பெரிய சைக்கிள் இடங்கள் இருக்கின்றன, முதலில் வருகிறவருக்கு என்றார்கள்.

டெர்னை வீட்டுக்குள் ஏற்றிவிடலாம்போல இருக்கிறது. ஆனால் மனைவி முன்பெட்டிதான் வேண்டும் என்கிறார், பாத்திரத்தை அடுக்குகிறவர் அவர்தான். இன்னொன்று, யாரும் டிரெய்லர் பற்றிச் சொல்லவில்லையே? நல்ல எலக்ட்ரிக் சைக்கிள் ஒன்று வாங்கி, சந்தை நாளில் மட்டும் டிரெய்லர் மாட்டினால்?

சங்கிலியும்_பல்லும்:

உங்கள் நிலைமைக்கு டிரெய்லர் நல்ல யோசனைதான். நாலு நாள் காலி ஓட்டம், சந்தைக்கு ஒரு நாள் கனம், வீட்டில் இடம் குறைவு. ஐம்பது கிலோ வண்டியை வார நாள் முழுக்க வெறும் பெட்டியோடு ஓட்டுவதில் அர்த்தம் குறைவு. ஆனால் இரண்டு விஷயம் பாருங்கள். சைக்கிள் தயாரித்தவர் டிரெய்லர் இழுக்க அனுமதித்திருக்கிறாரா, எத்தனை கிலோ வரை என்பது கையேட்டில் இருக்கும். மற்றது, பிரேக் இல்லாத டிரெய்லர் நிறுத்தும்போது பின்னால் இருந்து தள்ளும், ஈரத்தில் இன்னும் அதிகம், எழுபது கிலோவில் அதை நன்றாகவே உணர்வீர்கள். வெங்காய மூட்டைக்கு அது பரவாயில்லை, மெதுவாகப் போனால் போகிறது. சமைத்த சாப்பாட்டுக்கு வேண்டாம், சஸ்பென்ஷன் இல்லாத டிரெய்லரில் ஒவ்வொரு பள்ளமும் பாத்திரத்துக்குள் போகும்.

கணக்குப்பிள்ளை:

வண்டி ஓட்டத் தெரியாது, கணக்கு தெரியும். சைக்கிள் டு வொர்க் திட்டம் சம்பளத்தில் இருந்து வரிக்கு முன்னால் கழிப்பது, கனேரி வார்ஃப் வேலையின் வழியாக நீங்கள் அதில் சேரலாம். முன்பிருந்த 1,000 பவுண்ட் வரம்பு 2019 வழிகாட்டுதலுக்குப் பிறகு பல நிறுவனங்களில் இல்லை, மனிதவளத் துறையிடம் அவர்கள் வரம்பைக் கேளுங்கள். ஆனால் அந்தத் திட்டத்தில் வாங்கும் சைக்கிள் முக்கியமாக வேலைக்குப் போய்வரத்தான் பயன்பட வேண்டும், பாதிக்கு மேல். உங்கள் திங்கள் முதல் வியாழன் ஓட்டம் அதற்குப் பொருந்தும்போலத் தெரிகிறது. மாறாக சமையல் தொழிலின் பேரில் வாங்கினால் முதலீட்டுச் செலவாகக் கழிக்கலாம், சொந்த உபயோகத்துக்கான பங்கை விட்டுவிட்டு. ஒரே வண்டிக்கு இரண்டையும் கேட்கக் கூடாது.

இன்ஷூரன்ஸ்: வீட்டு இன்ஷூரன்ஸ் கூலிக்கோ வியாபாரத்துக்கோ ஓட்டும் சைக்கிளை வழக்கமாக ஏற்காது. தொழில் உபயோகம் என்று எழுத்தில் இருக்கும் தனி பாலிசி வேண்டும், அதில் பெரும்பாலும் சோல்ட் செக்யூர் என்ற சோதனை அமைப்பு தரமிட்ட பூட்டு நிபந்தனையாக இருக்கும். மூன்றாம் நபருக்கு ஏற்படும் காயத்துக்கான பொறுப்பையும் சேர்த்து எடுங்கள், நடைபாதையில் ஐம்பது கிலோ சாய்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வேன் கணக்கு: வாரத்தில் நாலு நாள் எடுத்தால் யூலெஸ் மட்டும் 50 பவுண்ட், வருடத்துக்கு 2,600. இன்ஷூரன்ஸ், எம்ஓடி, டீசலைச் சேர்க்காமலே இரண்டு வருடத்தில் நல்ல கார்கோ பைக்கின் விலை வந்துவிடுகிறது. எப்போதாவது நூறு பேர் ஆர்டர் வந்தால் மணிக்கணக்கில் வேன் வாடகைக்குக் கிடைக்கும், அந்த ஒரு நாளுக்காக வேனை வைத்துக்கொள்ள வேண்டாம்.

ரூட்டிங்_கடைக்காரன்:

தம்பி, அளவைப் பார்த்தேன். முற்றத்தில் சுவரோடு இணையாக முன்பெட்டி வண்டி நிற்கும், தரையில் வளையம் பதித்து, உறை போட்டு மூடலாம். கேட்டுக்குள்ளால் வண்டி வரும், ஆனால் தெருவில் இருந்து நேராக உள்ளே வந்து உடனே பக்கவாட்டில் திரும்ப வேண்டும், 1.9 மீட்டர் ஆழத்தில் அது திரும்பாது. முன்பக்கத்தைத் தூக்கி நகர்த்தத்தான் வேண்டும், சரக்கோடு முடியாது. ஆகவே தெருவிலேயே இறக்கிவிட்டு வெறும் வண்டியை உள்ளே எடுக்க வேண்டும். தினமும் இதைச் செய்ய மனம் இருக்கிறதா என்று கேட்டுப்பாருங்கள். ஒல்லியான முன்சுமை வண்டியும் உண்டு, கோபன்ஹேகனின் புல்லிட் மாதிரி, அகலம் ஐம்பதுக்கும் குறைவு, எடையும் குறைவு, தூக்கி நகர்த்தலாம். பெட்டி சிறியது, ஆனால் உங்கள் நாற்பது கிலோ சாப்பாட்டுக்குப் போதும்.

மூன்று சக்கர வண்டியை யாராவது சொன்னால் ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். நிற்கும்போது நல்ல உறுதி, திரும்பும்போது வேகம் இருந்தால் உள்பக்கச் சக்கரம் தூக்கும். வயதானவர்களுக்கும் மெதுவாகப் போகிறவர்களுக்கும் அது அருமையான வண்டி, கனேரி வார்ஃப் வரைக்கும் அவசரமாகப் போகிற ஆளுக்கு அல்ல.

பாதையைப் பொறுத்தவரை நீங்கள் கொடுத்துவைத்தவர். பார்க்கிங் ஊரில் இருந்து வரும் சைக்கிள்வே 3 உங்கள் தெற்கே ஏ13 சாலையை ஒட்டி கேனிங் டவுன், பாப்லர் பக்கம் போகிறது, பெரும்பகுதி காரில் இருந்து பிரிந்த பாதை. ஸ்ட்ராட்ஃபோர்டு பக்கத்துக்கு கிரீன்வே, கழிவுநீர்க் குழாயின் மேல் போட்ட மண் அணை, சமதரை. ஆனால் கிரீன்வேயின் நுழைவுகளில் மோட்டார் சைக்கிளைத் தடுக்கக் கம்பி வைத்த இடம் இருந்தால் முன்பெட்டி வண்டி சிக்கும். உங்கள் பாதை முழுவதையும் ஒருதரம் சாதாரண சைக்கிளில், கையில் அளவு நாடாவோடு போய்ப் பாருங்கள். ஆற்றுக்கு அந்தப்பக்கம் ஆர்டர் எடுத்தால் வுல்விச் ஃபெரி இலவசம், சைக்கிளோடு ஏறலாம். கீழே இருக்கும் நடைச் சுரங்கத்தில் லிஃப்டை நம்ப வேண்டியிருக்கும், சரக்கோடு அதை நம்பாதீர்கள்.

ஈஸ்ட்ஹாம்_அடுப்பு:

அந்தத் திரும்பும் கணக்கை நான் யோசிக்கவே இல்லை, தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தோம், நீங்கள் சொன்னது சரிதான் அண்ணா, அகலப் பெட்டி திரும்பவில்லை. இப்போது டெர்ன், புல்லிட் இரண்டில் ஒன்று என்று வந்திருக்கிறோம். "டிரை பிஃபோர் யூ பைக்" என்ற மாத வாடகைத் திட்டம் பற்றிப் படித்தேன், முதலில் ஒரு மாதம் எடுத்துப் பார்க்கலாம் என்று எண்ணம். அந்த மாதத்தில் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

பார்க்கிங்_அக்கா:

மனைவியும் ஓட்ட வேண்டும், நீங்கள் மட்டும் அல்ல. நீங்கள் வேலையில் இருக்கும் நாளில் அவசரமாக ஒரு ஆர்டர் வந்தால் அவர்தானே போக வேண்டும். இருக்கையும் ஹாண்டிலும் இருவர் உயரத்துக்கும் கருவி இல்லாமல் மாறுகிறதா, முழுச் சரக்கோடு அவர் தனியாக ஸ்டாண்டில் ஏற்றி இறக்க முடிகிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். ஸ்டாண்டில் போட முடியாத வண்டியை அவர் தொடவே மாட்டார், அப்புறம் அது உங்கள் ஒருவரின் வண்டியாகிவிடும்.

சங்கிலியும்_பல்லும்:

அக்கா சொன்னதுதான் முதல் சோதனை. மற்றபடி, வெறும் வண்டியை ஓட்டி முடிவு செய்யாதீர்கள். முன்சுமை வண்டியில் முதல் பத்து நிமிடம் எல்லோருக்கும் ஆடும், முன்சக்கரத்தைக் குனிந்து பார்க்காமல் தூரத்தைப் பார்த்தால் நின்றுவிடும், அதை வைத்து வண்டியைத் தள்ளிவிட வேண்டாம். முதல் வாரத்திலேயே இரண்டு அரிசி மூட்டையை ஏற்றி, ஆள் இல்லாத தெருவில் 15 மைல் வேகத்தில் இருந்து இரண்டு பிரேக்கையும் அழுத்தி நிறுத்திப் பாருங்கள், காய்ந்த நாளில் ஒருமுறை, மழையில் ஒருமுறை. பிறகு மோட்டாரை அணைத்துவிட்டு அதே சரக்கோடு கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள், வழியில் பேட்டரி தீர்ந்தால் வீட்டுக்கு வர முடியுமா என்பது அப்போது தெரியும்.

சாப்பாட்டுக்குப் பதில் பாத்திரங்களில் தண்ணீரை ஊற்றி இல்ஃபோர்டு வரை போய்த் திறந்து பாருங்கள், எவ்வளவு சிந்துகிறது என்று. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தாலே குலுக்கல் குறையும், டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எல்லைக்குக் கீழே மட்டும் போகாதீர்கள். ராயல் டாக்ஸ் பக்கம் காற்று அடிக்கும் நாளில் மழை உறையைப் போட்டு ஒருமுறை போங்கள், பக்கக் காற்றில் உறை பாய் மாதிரி இழுக்கும்.

பின்சக்கரம் பஞ்சரானால் ஹப் கியர் வண்டியில் கழற்றுவது நேரம் பிடிக்கும். வாடகைக் கடையிலேயே ஒருமுறை கழற்றி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள், வீட்டுக்குப் பக்கத்தில் எந்தப் பட்டறை கார்கோ பைக்கை எடுக்கும் என்றும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். எல்லாப் பட்டறையின் தூக்கு ஸ்டாண்டும் இந்தக் கனத்தைத் தாங்காது. வால்தம்ஸ்டோ வரை வர முடிந்தால் வாடகை எடுத்த முதல் வாரத்திலேயே கொண்டு வாருங்கள், ஸ்போக்கும் பிரேக்கும் பார்த்துத் தருகிறேன்.